பாடத்தில் இல்லாத அணு

"ரூதர்போர்டு அணு மாதிரியின் குறைபாடுகளை எழுதுக." இயற்பியல் படித்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டார்கள். இதற்கு முன்னால் தாம்சன் மாதிரியின் குறைபாடுகள் வந்திருக்கும், பின்னால் நீல்ஸ் போர் மாதிரியின் குறைபாடுகள் வந்திருக்கும். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்தப் பாடம் முடியும்போது பிள்ளைகள் மனத்தில் என்ன தங்குகிறது என்று வருடா வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் வந்து ஏதோ சொன்னார், அடுத்தவர் வந்து அது தப்பு என்றார், அவரையும் இன்னொருவர் தப்பு என்றார். கடைசியில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் வந்தார், பாடம் முடிந்தது. இதுதான் தங்குகிறது.

எனக்கு இது பொறுக்கவில்லை. அந்த மனிதர்கள் யாரும் உட்கார்ந்து கற்பனையாகப் படம் வரைந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் இருந்தது. எதையோ அளந்தார்கள், அந்த அளவு பழைய படத்துக்குள் அடங்கவில்லை, அதனால் படத்தை மாற்றினார்கள். அதனால் என் வகுப்பில் குறைபாடு என்ன என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இதை மாற்ற வைத்த எண் எது?" என்று மட்டும் கேட்கிறேன். இப்படிக் கேட்கத் தொடங்கினால் பாடம் வேறு மாதிரி விரிகிறது. நம் பாடப் பட்டியலில் இடமே கிடைக்காத ஓர் அணு மாதிரியும் வெளியே வருகிறது. கடைசியில் அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஜான் டால்டனிடமிருந்தே தொடங்கலாம். அவருடைய அணு என்றால் கெட்டியான உருண்டை என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் அவர் அளந்தது எடையை. 1803இல், மான்செஸ்டரில், தன் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் எழுதினார்: ஹைட்ரஜன் அணுவின் எடை 1 என்றால் மற்றவற்றின் எடை என்ன? ஆக்சிஜனுக்கு முதலில் 5.66 என்று போட்டார். 1808இல் வெளியிட்ட நூலில் 7 என்று போட்டார். இன்று நாம் சொல்வது 16. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று அவர் எடுத்துக்கொண்டதால் பாதியில் நின்றது. அந்தக் காலத்துத் தராசுப் பிழை மீதியைச் செய்தது. ஆனால் "அணுவுக்கு எடை உண்டு, அதைக் கணக்குப் போட முடியும்" என்று மனிதகுலம் எழுதி வைத்த முதல் பட்டியல் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே டால்டனின் பெயரை எழுதும்போது எனக்குள் மரியாதை எழும்.

அடுத்து ஜே. ஜே. தாம்சன். நம் வகுப்பறைகளில் அவர் பெயரோடு தர்பூசணிப் பழமும் சேர்ந்தே வரும்: சிவப்புச் சதை நேர்மின்சுமை, விதைகள் எலக்ட்ரான்கள். சின்ன வகுப்புக்கு இது போதும். ஆனால் அந்தப் பழம் அவர் செய்த வேலையை மொத்தமாக மறைத்துவிடுகிறது.

1897இல் கேம்பிரிட்ஜில் அவர், காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாயில் எதிர்மின்வாயிலிருந்து கிளம்பும் கேத்தோடு கதிர்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்துப் பார்த்தார். குழாய்க்குள் எந்த வாயு இருந்தாலும், மின்வாய் எந்த உலோகமாக இருந்தாலும், துகளின் நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதம் ஒன்றாகவே வந்தது. ஹைட்ரஜன் அயனிக்குக் கிடைக்கும் விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தப் பொருளிலிருந்து எடுத்தாலும் அதே சரக்குதான் வருகிறது என்றால், அது எல்லா அணுவுக்குள்ளும் இருக்கும் பொதுச் சரக்காகத்தானே இருக்க வேண்டும்?

அதற்குப் பிறகு 1904இல் அவர் போட்ட கணக்கு எனக்கு இன்னும் பிடித்தது. நேர்மின் கோளத்துக்குள் எலக்ட்ரான்களைப் போட்டால் எந்த அமைப்பில் நிலையாக நிற்கும்? அமெரிக்காவில் ஆல்ஃபிரட் மேயர் என்பவர் 1878இல் ஒரு சோதனை செய்திருந்தார். காந்தமேற்றிய ஊசிகளைத் தக்கைத் துண்டுகளில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஒரு பெரிய காந்தத்தைப் பிடிப்பது. ஊசிகள் ஒன்றையொன்று தள்ளும். மேலே உள்ள காந்தம் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். இதை எங்கள் ஆய்வகத்தில் தெர்மகோல் துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பேசினையும் வைத்துப் பிள்ளைகள் செய்தார்கள். மூன்று ஊசி போட்டால் முக்கோணம், நான்கு போட்டால் சதுரம், ஐந்துக்கு ஐங்கோணம். ஆறாவது ஊசி விழுந்ததும் ஒன்று நடுவுக்குப் போய் உட்கார, மீதி ஐந்தும் சுற்றி நின்றன. மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள். தாம்சனும் இந்தச் சோதனையைத்தான் தன் வாதத்துக்குத் துணையாகக் கொண்டார். கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாக அடுக்கப்படும் என்று கணக்கிட்டார். மொத்த எண்ணிக்கை 59 முதல் 67 வரை ஏறும்போது வெளிவளையத்தில் 20 மட்டுமே இருக்கும், கூடுவதெல்லாம் உள்வளையங்களில் சேரும் என்று கண்டு, தனிம வரிசை அட்டவணையில் குணங்கள் படிப்படியாக மாறி மறுபடி திரும்பி வருவதற்கு இது காரணமாக இருக்கலாம் என்றார். எலக்ட்ரான் அடுக்கை வைத்து வேதியியலை விளக்கலாம் என்ற எண்ணம் இங்கேயே முளைவிட்டுவிட்டது. அந்த வளையங்களைப் பழத்துக்குள் சிதறிய விதைகளாக்கிவிட்டோம்.

அதே 1904இல் தோக்கியோவில் நாகாவோகா ஹந்தாரோ, நடுவில் கனமான நேர்மின் கோளமும் சுற்றிலும் எலக்ட்ரான் வளையமுமாகச் சனிக்கோளைப் போன்ற அணுவை முன்வைத்தார். அந்த வளையம் நிலையாக நிற்காது என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்போது கையில் இருந்த எண்களை வைத்துப் பார்த்தால் தாம்சனின் அணுவே வலுவானது. பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்வேன்: 1904இல் நீங்கள் அங்கே இருந்திருந்தால், நியாயமாக யோசிப்பவராக இருந்தால், தாம்சன் பக்கம்தான் நின்றிருப்பீர்கள்.

இப்போது மான்செஸ்டர். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

எர்னஸ்ட் ரூதர்போர்டு 1907இல் அங்கே பேராசிரியராக வந்தார். அவரோடு வேலை பார்த்தவர் ஹன்ஸ் கைகர் என்ற ஜெர்மானியர். எர்னஸ்ட் மார்ஸ்டன் லங்காஷயரைச் சேர்ந்த மாணவர், 1909இல் வயது 20. ஆல்பா துகள் (கதிரியக்கப் பொருள் உமிழும் நேர்மின் துகள்) துத்தநாக சல்பைடு பூசிய திரையில் மோதினால் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னி மறையும். அதை நுண்ணோக்கி வழியே கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். முதலில் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு பொட்டாக எண்ண வேண்டும். கைகர் இரவு முழுவதும் விட்டு விட்டு எண்ணினாலும் நிதானம் தவறாதவர் என்று ரூதர்போர்டு ஒரு கடிதத்தில் வியந்து எழுதியிருக்கிறார். தனக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

1909இல் மார்ஸ்டனிடம் கொடுத்த வேலை, உலோகத் தகட்டில் பட்டு ஏதாவது ஆல்பா துகள் பின்பக்கமாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. வந்தது. பிளாட்டினத் தகட்டில் ஏறக்குறைய 8000 துகள்களுக்கு ஒன்று. சில புத்தகங்களில் 8000க்கு ஒன்று என்றும் சிலவற்றில் 20,000க்கு ஒன்று என்றும் இருப்பதைப் பார்த்து எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் சரி. முதலாவது 1909இல் பிளாட்டினத்துக்குக் கிடைத்தது. இரண்டாவது, 1911 கட்டுரையில் ரூதர்போர்டு எடுத்துக்கொண்ட எண்: 0.00004 செ.மீ. தடிமனுள்ள தங்கத் தகட்டில் சராசரியாக 90 பாகை திரும்பும் துகள்கள்.

இதோடு இன்னோர் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அதிர்ச்சி புரியும். அதே தடிமன் தகட்டில் ஆல்பா துகள் திரும்பும் கோணம் பெரும்பாலும் 0.87 பாகைதான். ஒரு பாகைகூட இல்லை. தாம்சனின் அணு இதைச் சரியாக விளக்கும்: வழியில் பல அணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன, எல்லாம் சேர்ந்து ஒரு பாகைக்குள் முடிகிறது. ஆனால் அப்படிச் சின்னச் சின்னத் தள்ளல்கள் சேர்ந்து 90 பாகையாவதற்கு வாய்ப்பே இல்லை என்கிற அளவுக்குக் கணக்கில் மிகச் சிறிய எண் வரும். 20,000க்கு ஒன்று என்பது அதோடு ஒப்பிட்டால் மலை. ஒரே மோதலில் ஒரே அடியாகத் திரும்பியிருக்க வேண்டும். அப்படியானால் அணுவின் மின்சுமையும் நிறையும் ஒரு புள்ளிக்குள் குவிந்திருக்க வேண்டும்.

1911 மே மாதம் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அந்த மையச் சுமை நேரா எதிரா என்பதைக்கூட அவர் அதில் முடிவு செய்யவில்லை. சிதறல் கணக்குக்கு எதுவாக இருந்தாலும் விடை ஒன்றுதான். அந்த ஆண்டு இறுதியில் பிரஸ்ஸல்ஸில் முன்னணி இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டில் ரூதர்போர்டும் இருந்தார், ஆனால் இந்த அணுவைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. ஓர் எண்ணை மட்டும் விளக்கும் படத்தை உலகம் உடனே நம்பிவிடாது. அது நியாயம்தான்.

நம்ப வைத்தது 1913. பாடப்புத்தகத்தில் தங்கத் தகடுச் சோதனை என்று வருவதில் உயிர்நாடியான பகுதி இதுதான், அதுதான் விடுபட்டுப்போகிறது. ரூதர்போர்டின் வாய்பாடு சொல்வது: ஒரு கோணத்தில் விழும் துகள்களின் எண்ணிக்கை, அந்தக் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பை நான்காம் படிக்கு உயர்த்தினால் வருவதற்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். அதாவது எண்ணிக்கையை அந்த நான்காம் படியால் பெருக்கினால் எல்லாக் கோணத்திலும் ஒரே விடை வர வேண்டும். கைகரும் மார்ஸ்டனும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மினுக்குகளை எண்ணினார்கள். ஆல்பா துகள்களுக்கு மூலமாக வைத்திருந்த ரேடான் வாயு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும்; அதற்கும் கணக்கில் திருத்தம் செய்தார்கள்.

அவர்களுடைய தங்க அட்டவணையை +1 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். 150 பாகையில் 33.1. 60 பாகையில் 477. 30 பாகையில் 7,800. 15 பாகையில் 1,32,000. "பெருக்கிப் பாருங்கள்" என்பேன், வேறெதுவும் சொல்வதில்லை. 60 பாகைதான் சுலபம்: பாதி 30, சைன் 30 அரை, நான்காம் படி பதினாறில் ஒன்று. 477ஐ 16ஆல் வகுத்தால் 29.8. கடைசி பெஞ்சில் 150ஐப் போட்டவனுக்கு 28.8 வரும். 30 பாகைக்கு 35. 15 பாகைக்கு 38 சொச்சம். எண்ணிக்கை நாலாயிரம் மடங்கு மாறுகிறது. பெருக்கிய விடையோ, முழு அட்டவணையையும் எடுத்தால்கூட, 27க்கும் 40க்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறது. இருட்டில் இரண்டு பேர் கண்ணால் எண்ணியது இது. அணுக்கரு உண்டு என்பதை நான் சொல்லி அவர்கள் நம்புவதில்லை. தங்கள் நோட்டில் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். வேறெந்தப் படமும் செய்யாத வேலையை இந்த அட்டவணை செய்கிறது.

இதற்கடுத்த ஆண்டு முதல் உலக யுத்தம் வந்தது. கைகரும் மார்ஸ்டனும் எதிரெதிர்ப் படைகளில் இருந்தார்கள். அதே மான்செஸ்டர் ஆய்வகத்திலும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், 1913-14இல் தனிமங்களின் எக்ஸ் கதிர் நிறமாலைகளை எடுத்துக் கரு மின்சுமை ஒவ்வொன்றாக ஏறுவதைக் காட்டினார். அட்டவணையில் 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருக்கின்றன, அங்கே இன்னும் காணாத தனிமங்கள் உண்டு என்று எழுதினார். மூன்றும் பிறகு கிடைத்தன. 1915 ஆகஸ்ட் 10 அன்று கலிப்போலி போர்முனையில் அவர் கொல்லப்பட்டார். வயது 27. அணு எண் என்ற சொல்லை ஒவ்வொரு தேர்விலும் எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

நீல்ஸ் போர் 1912இல் சில மாதங்கள் மான்செஸ்டரில் இருந்தார். ரூதர்போர்டின் அணுவில் சுற்றும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்துகொண்டே ஆற்றலை இழந்து, ஒரு விநாடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். இதைத்தான் "குறைபாடு" என்று எழுதுகிறோம். ஆனால் இது எல்லாருக்கும் தெரிந்த சிக்கல். நீல்ஸ் போருக்கு வழி காட்டியது வேறோர் எண் வரிசை. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியராக இருந்த யோஹான் பால்மர், 1885இல், ஏறக்குறைய 60 வயதில், ஹைட்ரஜனின் நான்கு நிறமாலைக் கோடுகளுக்கு ஒரு வாய்பாடு கண்டிருந்தார். 3645.6 என்ற எண்ணை 9/5, 16/12, 25/21, 36/32 ஆகியவற்றால் பெருக்கினால் நான்கு அலைநீளங்களும் ஆங்ஸ்ட்ராம் அலகில் (ஒரு செ.மீ.யில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) வந்துவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1913 தொடக்கத்தில் ஒரு நண்பர் நீல்ஸ் போரிடம் இதை நினைவூட்டினார். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று அவர் பின்னாளில் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் போட்ட கணக்கு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

எலக்ட்ரான் சில குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே சுற்றும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் ஒளி வெளிவரும் என்று நீல்ஸ் போர் எழுதினார். அந்த வரைவைப் படித்துவிட்டு ரூதர்போர்டு 1913 மார்ச்சில் எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி உண்டு: ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எந்த அதிர்வெண்ணில் அதிர வேண்டும் என்று எலக்ட்ரான் எப்படி முடிவு செய்கிறது, எங்கே போய் நிற்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியுமா? மிக ஆழமான கேள்வி. அப்போது யாரிடமும் விடை இல்லை.

விடை இல்லாத படத்தை ஏன் ஏற்றார்கள்? இங்கேயும் ஓர் எண். ஸீட்டா பப்பிஸ் என்ற விண்மீனில் எட்வர்ட் பிக்கரிங் கண்ட சில கோடுகள் ஹைட்ரஜனுடையவை என்று எண்ணியிருந்தார்கள். (மார்ச் மாத முன்னிரவில் நம் ஊர் தெற்கு வானத்தில், சிரியஸுக்குக் கீழே இடப்புறமாக இந்த விண்மீனைப் பார்க்கலாம். மாடியில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.) நீல்ஸ் போர், அவை ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடுகள், கோடுகளின் வாய்பாட்டில் வரும் மாறிலி ஹைட்ரஜனுக்கு உள்ளதைப் போல் இவற்றுக்கு நான்கு மடங்கு என்றார். நிறமாலை வல்லுநர் ஆல்ஃபிரட் ஃபௌலர் லண்டனிலிருந்து மறுத்தார்: என் அளவீட்டில் 4 வரவில்லை, 4.0016 வருகிறது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை யாரும் பிழை என்று தள்ளிவிடலாம். நீல்ஸ் போர் தள்ளவில்லை. கரு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டதால்தான் 4 வருகிறது. எலக்ட்ரானின் இழுப்பில் கருவும் துளி அசையும், ஹைட்ரஜன் கரு லேசானது என்பதால் அதிகம் அசையும், ஹீலியம் கரு குறைவாக அசையும். இதைச் சேர்த்தால் 4.00163. நான்காவது தசம இடம் வரைக்கும் சரியாக விழும் ஒன்றை உலகம் எப்படிப் புறக்கணிக்கும்?

1925-26இல் நடந்தது பெரிய கதை. ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், மாக்ஸ் போர்ன் என்று பெயர்கள் வரிசையாக வரும். அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். எலக்ட்ரானின் வட்டப் பாதை போய்விட்டது, ஆனால் அந்தப் பாதையின் ஆரமாக நீல்ஸ் போர் கணக்கிட்ட 0.53 ஆங்ஸ்ட்ராம் போகவில்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில், ஹைட்ரஜனின் தாழ்நிலையில் எலக்ட்ரானைக் காண அதிக வாய்ப்புள்ள தூரமாக அதே எண் திரும்ப வந்து நிற்கிறது.

இனி விடுபட்டுப்போன அணு.

பன்னிரண்டாம் வகுப்பில் கதிரியக்கம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கருவுக்குள்ள எலக்ட்ரானே கிடையாதுன்னு சொல்றீங்க. அப்புறம் பீட்டா கதிர்ல வர்ற எலக்ட்ரான் எங்கேருந்து வருது?" எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. 1920களின் இயற்பியலாளர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி அது. அவர்கள் அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தார்கள்: கருவுக்குள் எலக்ட்ரான் இருக்கிறது!

நம் பாடம் ரூதர்போர்டிலிருந்து நீல்ஸ் போருக்குப் போய், சட்டென்று 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார் என்று முடிக்கிறது. நடுவில் இருந்த அணுவின் கருவுக்குள் என்ன இருந்தது என்று சொல்வதில்லை. நைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். நிறை 14, மின்சுமை 7. புரோட்டானும் எலக்ட்ரானும் மட்டும்தான் தெரியும் என்றால் ஒரே வழிதான்: நிறைக்கு 14 புரோட்டான்கள், அதிகப்படியான மின்சுமையைக் கழிக்க 7 எலக்ட்ரான்கள். பீட்டா கதிரில் கருவிலிருந்து எலக்ட்ரான் வெளியே வருகிறது, ஆகவே உள்ளே இருந்திருக்க வேண்டும். எவ்வளவு இயல்பான வாதம்! ரூதர்போர்டும் இப்படித்தான் நினைத்தார். 1920இல் ஓர் உரையில், புரோட்டானும் எலக்ட்ரானும் நெருங்கிப் பிணைந்த சுமையற்ற துகள் ஒன்று இருக்கலாம் என்றும் ஊகித்தார்.

இந்த அணுவை மாற்ற வைத்த எண் எது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த விடை எங்கள் பக்கத்து ஊர் வழியாகப் போகிறது.

1928 பிப்ரவரி 28. கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் புதிய விளைவைக் கண்டார்கள். ராமன் திருச்சியில் பிறந்தவர். கிருஷ்ணன் எங்கள் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம், அலைநீளம் மாறி வெளியே வரும். மாறிய அளவு அந்த மூலக்கூறின் அதிர்வையும் சுழற்சியையும் சொல்லும். அடுத்த ஆண்டே, கலிஃபோர்னியாவில் இருந்த இத்தாலியர் ஃபிராங்கோ ரசெட்டி இந்த விளைவைக் கொண்டு நைட்ரஜன் வாயுவைப் பார்த்தார். நைட்ரஜன் மூலக்கூறின் சுழற்சிக் கோடுகள் ஒன்று விட்டு ஒன்று வலுவாகவும் மங்கலாகவும் மாறி மாறி வந்தன.

இதில் ஒரு குவாண்டம் விதி உண்டு. துகளுக்கே உரிய, சுழற்சி போன்ற ஒரு குணத்தைத் தற்சுழற்சி என்கிறோம்; அதன் அளவு சில துகள்களுக்கு அரை. மூலக்கூறில் இருக்கும் இரண்டு கருக்களும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொரு கருவிலும் உள்ள அரைத் தற்சுழற்சித் துகள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒரு வரிசைக் கோடுகள் வலுவாக வரும். இரட்டைப்படை என்றால் அடுத்த வரிசை வலுவாக வரும். புரோட்டானுக்கும் அரைத் தற்சுழற்சி, எலக்ட்ரானுக்கும் அரை. 14 புரோட்டானும் 7 எலக்ட்ரானும் சேர்ந்தால் 21, ஒற்றைப்படை. ரசெட்டியின் ஒளிப்படத் தகட்டில் வலுவாக இருந்தது இரட்டைப்படைக்கு உரிய வரிசை. கோட்டிங்கனில் இருந்த ஹைட்லரும் ஹெர்ஸ்பெர்க்கும் 1929இலேயே இதை எடுத்துச் சொன்னார்கள்: கருவுக்குள் போன எலக்ட்ரான் தன் குணத்தை எப்படியோ இழந்துவிடுகிறது, அல்லது நம் படத்தில் ஏதோ சரியில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகிறது. அணுக்கருவை இடிக்கவில்லை, ஆல்பா துகளைப் பாய்ச்சவில்லை. ஒரு வாயுவில் ஒளியை விட்டு, சிதறிய கோடுகளில் எது கருப்பாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்தே கருவுக்குள் இருப்பவை ஒற்றையா இரட்டையா என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவியைக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். தேசிய அறிவியல் நாள் என்று ஆண்டுதோறும் பிப்ரவரி 28இல் மேடை போட்டு, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசுகிறோம். நைட்ரஜனையும் பேச வேண்டும்.

1932 பிப்ரவரியில் ஜேம்ஸ் சாட்விக் கேம்பிரிட்ஜில் நியூட்ரானை அடையாளம் கண்டார். பெரிலியத்தின் மீது ஆல்பா துகள்களைச் செலுத்தும்போது வந்த ஊடுருவும் கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளியது. அந்த வேகத்தை வைத்துக் கணக்கிட்டு, அது புரோட்டான் அளவு நிறையுள்ள சுமையற்ற துகள் என்றார். ஆனால் அது தனித்துகளா, ரூதர்போர்டு ஊகித்தபடி புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்த இணையா? சாட்விக்கே முதலில் இணை என்ற பக்கம்தான் சாய்ந்தார். இங்கே நைட்ரஜன் கணக்கு மறுபடி பேசுகிறது. இணை என்றால் எண்ணிக்கை அதே 21தான், ஒன்றும் மாறவில்லை. தனித்துகள் என்றால் 7 புரோட்டானும் 7 நியூட்ரானும், மொத்தம் 14, இரட்டைப்படை. ரசெட்டியின் கோடுகளோடு பொருந்துகிறது. ஹைசன்பர்க் அந்த ஆண்டே புரோட்டானும் நியூட்ரானும் மட்டுமே கொண்ட கருவுக்குக் கோட்பாடு எழுதத் தொடங்கினார். எலக்ட்ரான் கருவை விட்டு வெளியேறியது.

அப்படியானால் பீட்டா கதிர்? ரோம் நகரில் ரசெட்டியின் நெருங்கிய நண்பரும் உடன் உழைத்தவருமான என்ரிகோ ஃபெர்மி 1933-34இல் பதில் சொன்னார். அணுவிலிருந்து ஒளி வருகிறது என்பதற்காக ஒளித்துகள் முன்பே அணுவுக்குள் ஒளிந்திருந்தது என்று யாரும் சொல்வதில்லை; வெளிப்படும் நொடியில் அது உருவாகிறது. அதுபோலவே நியூட்ரான் புரோட்டானாக மாறும் நொடியில் எலக்ட்ரான் உருவாகிறது, கூடவே நியூட்ரினோ என்ற சுமையற்ற லேசான துகளும்.

அந்த மாணவிக்கு இவ்வளவையும் சொல்ல ஒரு பாடவேளை போதவில்லை. மதிய இடைவேளையிலும் தொடர்ந்தோம். அவள் நோட்டில் 14 + 7 = 21 என்று எழுதி வட்டமிட்டு, பக்கத்தில் 7 + 7 = 14 என்று எழுதிக்கொண்டாள். பிறகு நியூட்ரினோவை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டாள். 1956இல் அமெரிக்காவில் கௌவனும் ரைன்ஸும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் பார்த்தார்கள் என்றேன். "எந்த எண்ண வச்சு டீச்சர் கண்டுபிடிச்சாங்க?" என்றாள். அதைத்தான் அடுத்த பதிவில் எழுதப்போகிறேன்.